நாளைக்குள் ஐந்து கல்பவளம்

ஐந்து. ஐந்தே ஐந்து. நான்கு போதாது, ஆறாவது தேவையில்லை. மான்கொம்பு ஒன்று, தட்டு ஒன்று, சுத்தியல் ஒன்று, டார்ச் ஒன்று, மூளை ஒன்று, எல்லாம் பவள வகைகள். குணாளன் கைப்பேசியில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு கடையின் இடுப்புயரத் தொட்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். படம் அவர் மனைவி தமயந்தி எடுத்தது. வீட்டுக் கூடத்தில் இருக்கும் அவளுடைய உப்புநீர்த் தொட்டி, ஏழு வாரத்துக்கு முன்னால், அவள் துபாய்க்குக் கிளம்பிய காலையில். படத்தில் ஐந்து கல்பவளமும் உயிரோடு இருந்தன. இப்போது நான்கு செத்துவிட்டன, ஐந்தாவது சாகக் கிடக்கிறது. நாளைக் காலை அவள் வந்து இறங்குகிறாள். அவளுடைய கப்பல் காப்புறுதி நிறுவனம் கிளை வேலைக்கு அனுப்பியிருந்தது, வேலை முடிந்துவிட்டது, வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கண் தொட்டிக்குத்தான் போகும். அப்போது அங்கே ஐந்தும் இருக்க வேண்டும், அதே இடத்தில், அதே நிறத்தில், அதே உயரத்தில். இருக்கும். ஏன் இருக்காது? முப்பத்தோரு வருடம் ரயில் பணிமனையில் பிரேக் கட்டைகளைச் சோதித்த மனுஷன், ஒரு நூல் தேய்ந்திருந்தாலும் கண்டுபிடித்த கண், அதற்கு ஐந்து பவளம் பொறுக்கத் தெரியாதா? ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு கட்டித்தான் அவர் காலையில் பஸ் ஏறினார். பாசிர் ரிஸ் பக்கம், மீன் பண்ணைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கடை. உள்ளே ஒரே நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை ஊதாவாக மின்னியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணே, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. எது வேணும்?"

கடைக்காரி கஸ்தூரி. ரப்பர் பூட்ஸ், தோளில் ஈரத் துண்டு, முழங்கை வரை உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்த கை. குணாளன் படத்தைக் காட்டினார்.

"இதே மாதிரி அஞ்சு."

"இதே மாதிரின்னா?"

"இதேதாம்மா. உயரம், நிறம், எல்லாம் இதே."

கஸ்தூரி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "அழகா வச்சிருக்காங்க லா. இந்த மூளை எட்டு ஒம்போது வருஷம் இருக்குமே. யாரோட தொட்டிண்ணே?"

"என்னோடது," என்றார் குணாளன். சொன்ன கையோடு காது சுட்டது. நீல வெளிச்சத்தில் காது சிவந்தால் தெரியாது என்று சமாதானப்படுத்திக்கொண்டார்.

கஸ்தூரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும் முதலில் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்துவாள், நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போடுவாள், ஒரு நிமிஷம் பேசாமல் பார்க்கச் சொல்வாள். "நீலத்துல எல்லாமே ராணிதான். வெள்ளையில பாத்து எடுத்தாத்தான் வீட்டுக்குப் போய் ஏமாற மாட்டீங்க." வெள்ளை எரிந்ததும் தொட்டியில் பாதி அழகு கொட்டிப்போயிற்று. பச்சைத் தணலாக இருந்தது வெறும் பாசி நிறம் ஆனது, ஆரஞ்சு என்று அவர் மனதுக்குள் எடுத்து வைத்திருந்த தட்டு பழுப்பாகிவிட்டது. குணாளனுக்கு இந்த வழக்கம் பிடித்திருந்தது. பணிமனையிலும் இப்படித்தான், டார்ச் விளக்கை வாங்கிப் போட்டுவிட்டுப் பகல் வெளிச்சத்துக்குக் கட்டையை எடுத்து வரச் சொல்வார். அவர் குனிந்தார். மான்கொம்பில் நுனி வெள்ளையாக இருந்தால் வளர்கிறது என்று அர்த்தம், அடி வெள்ளையாக இருந்தால் சதை கழன்று சாகிறது என்று அர்த்தம், கஸ்தூரி அதைப் போகிறபோக்கில் சொன்னாள். ஐந்தாவது வாரம் வீட்டு மான்கொம்பின் அடியில் வெள்ளை ஏறியதை அவர் பார்த்தார். பார்த்து, அட, வளர்கிறதே என்று சந்தோஷப்பட்டார். அன்று தொலைபேசியில் தமயந்தி கேட்டபோது எல்லாம் நல்லா இருக்கு, ஜோரா இருக்கு என்றார். அது பொய் இல்லை. அப்போது பொய் இல்லை. ஆறாவது வாரம் சுத்தியலின் விரல்கள் எல்லாம் கல்லுக்குள் சுருங்கிவிட்ட பிறகும் ஜோரா இருக்கு என்று சொன்னது, அதுதான் பொய். அது வேறு கணக்கு. இந்தக் கொம்பு நுனியில் வெள்ளை, அடியில் சதை, நல்லது. ஆனால் படத்தில் ஏழு கிளை, இதில் ஆறு. தமயந்தி எண்ணுவாளா? எண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணாடியில் அளவுநாடாவை ஒட்டிப் படம் எடுக்கிறவள் எண்ணாமல் விடுவாளா? ஏழு கிளையுள்ளது வேண்டும். அவர் அடுத்த தொட்டிக்குப் போனார்.

பன்னிரண்டு வருடமாக அந்தத் தொட்டி கூடத்தில் இருக்கிறது, பன்னிரண்டு வருடமும் அவர் அதைத் தாண்டித்தான் தொலைக்காட்சிக்குப் போனார். முதல் வருடம் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, இது செடி இல்லைங்க, கல்லும் இல்ல, உயிரு, ஆயிரம் குட்டி வாய் சேர்ந்து தனக்குத் தானே வீடு கட்டிக்குது பாருங்க என்றாள். அவர் ம்ம் என்றார். அந்த ம்ம் இப்போது தொண்டையில் வந்து நிற்கிறது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் காலையில் எழுந்து முதலில் பேசுவது அதோடுதான், அதுகூட அவருக்கு உறுத்தியதில்லை, வசதியாகத்தான் இருந்தது. சுத்தியல் எங்கே? சுத்தியல் இதோ. விரல் ஒவ்வொன்றின் முனையும் சின்னச் சுத்தியலாக ஆடுகிறது. இதைப் பக்கத்தில் எதையும் வைக்கக் கூடாது, விரலை நீட்டி அடுத்ததைக் கொட்டிவிடும், ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், அதைத் தமயந்தி தாளில் எழுதியிருந்தாள். எழுதாதது என்ன? எல்லாம் எழுதியிருந்தாள். இரண்டு பக்கம், எண் போட்டு. ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாகத் தினம் ஒன்றரை லிட்டர் வடிகட்டிய தண்ணீர் ஊற்றணும். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. மீனுக்குத் தீனி இவ்வளவு, விளக்கு இத்தனை மணிக்கு. அவர் அந்தத் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டி, நாள் தவறாமல் டிக் போட்டார். நாற்பத்தொன்பது நாள், நாற்பத்தொன்பது டிக். ஒன்றையும் குறைக்கவில்லை. அதுதான் அவருக்கு ஆறவே இல்லை. ஒன்றைக் குறைத்திருந்தால்கூட, சரி, இதனால்தான் என்று நினைத்து அடங்கியிருப்பார். ஒன்றையும் குறைக்காமல் எப்படிச் சாகும்?

"சுத்தியல் இது சரியாண்ணே?"

"அது சரி. அந்த டார்ச்சையும் எடு. முனை மஞ்சளா இருக்கே, அது."

கஸ்தூரி ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் அள்ளினாள். மோந்து பார்த்து எடுத்தாள். அடிக்கல்லில் நாற்றம் வந்தால் உள்ளே எங்கோ சாகிறது என்றாள். நாற்றம். வீட்டில் நாற்றம் வந்தது போன செவ்வாய்க்கிழமை. அவர் மூக்கை மூடிக்கொண்டு செத்த நான்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, சமையலறைக் குப்பைத் துவாரத்தில் தள்ளினார். ஒன்பதாவது மாடி. கல் விழுகிற சத்தம் அவ்வளவு நேரம் கேட்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஒவ்வொரு மாடியாக இடித்து இடித்து இறங்கியது. மூளையையும் கையில் எடுத்தவர்தான், அதன் ஓரத்தில் இன்னும் பச்சை இருந்தது, திரும்ப வைத்துவிட்டார். இன்று இங்கே ஒரு மூளை கிடைத்துவிட்டால் சாயங்காலம் அதையும் தள்ளிவிட வேண்டியதுதான். பாதி செத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்கு முன்னால் பாதி செத்தது இருக்கக் கூடாது. அதில் அவர் உறுதியாக இருந்தார். உறுதியாக இருக்கும்போதே அந்தச் சத்தம் மறுபடி நான்கு மாடி இறங்கியது.

நினைப்பில் கடிகாரம் வந்து குறுக்கே நின்றது. வேண்டாம் என்றாலும் வரும். மாமனாரின் கைக்கடிகாரம், அவர் இறந்த பிறகு தமயந்தி பெட்டியில் வைத்திருந்தது. குணாளன் அதைச் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டார். நின்றுபோயிற்று. சிராங்கூன் சாலையில் பத்துக் கடை ஏறி இறங்கி அதே கம்பெனி, அதே வடிவம் வாங்கிவந்து, அதே பெட்டியில் வைத்து, சாவி குடுத்தேன், இப்ப ஓடுது பாரு என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். அவள் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அப்பா ஆணியால் கீறிய ஒரு கோடு இருந்ததாம், அது இல்லை. நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நின்னுபோனதுக்கு நான் அழலைங்க. குடுக்கும்போது சிரிச்சீங்க பாருங்க, அதுக்குத்தான். இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணினீங்கன்னா, அப்புறம் நீங்க எதைக் காட்டினாலும் நான் திருப்பித்தான் பாப்பேன்." அது ஆயிற்று ஆறு வருடம். இன்னொரு வாட்டி இதுதான், இதோ. ஆனால் கடிகாரத்தில் கோடு இருந்தது, பவளத்தில் என்ன கோடு? கிளையை எண்ணி, உயரத்தை அளந்து, இடத்தைப் பார்த்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பூசி மெழுகுவதற்கும் ஒரு திறமை வேண்டும், போன தடவை அது பற்றவில்லை, இந்தத் தடவை பற்றும். இப்படித்தான் ஓடியது அவர் புத்தி, பாவம். வெட்கமும் கூடவே ஓடியது. வெட்கத்தை அவர் கண்டுகொள்ளவில்லை.

"தண்ணி கொண்டாந்தீங்களா?" என்றாள் கஸ்தூரி. வெளியே பலகையில் எழுதியிருந்தது, பவளம் வாங்க வருகிறவர்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் ஒரு புட்டி கொண்டுவர வேண்டும் என்று. எழுதியிருப்பதை மீறுகிற ஆள் இல்லை குணாளன். பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"முன்ன இருந்ததெல்லாம் செத்துப்போச்சா? எப்படி?"

"கரண்டு போயிருச்சும்மா. ஒரு நாள் பூரா."

"ஐயோ. மீன்?"

"மீனெல்லாம் நல்லா இருக்கு."

"நத்தை?"

"செத்துப்போச்சு."

"இறாலு?"

"அதுவும்."

கஸ்தூரி புட்டியைக் கீழே வைத்தாள். "கரண்டு போனா மூச்சு முட்டி மொதல்ல போறது மீன்தாண்ணே."

குணாளன் பணிமனையில் எத்தனை பேரை இதே மாதிரி மடக்கியிருக்கிறார். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் கண்ணை எடுப்பான் என்று அவருக்குத் தெரியும், இப்போது அதே இடத்தில் அவர் கண் தானாகக் கீழே போயிற்று, கஸ்தூரியின் பூட்ஸைப் பார்த்தது. அவள் கோபப்படவில்லை. மூலையில் தனியாக இருந்த ஒரு தொட்டியின் பக்கம் போய், அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டி எடுத்து வந்தாள். அந்தத் தொட்டியில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட மீன்கள் இருந்தன. அவள் சோதனைக் குழாயில் அவர் தண்ணீரை ஊற்றி மூன்று சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாள். நிறம் வரக் காத்திருக்கும்போது சொன்னாள்: "இது அந்த நோயாளி மீனுக்காக வச்சிருக்கிற டெஸ்டு. அதுக்குத் தாமிர மருந்து போடுறோம். மீன் தாங்கும். நத்தை, இறால், பவளம் தாங்காது. அதுல விட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்." குழாயை வெள்ளை விளக்குக்கு நேரே தூக்கி, அட்டையில் இருந்த நிறத்தோடு ஒட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"தாமிரம் இருக்குண்ணே. நெறைய. என்ன ஊத்துனீங்க?"

"தாள்ல எழுதினதுல ஒண்ணுகூடக் குறைக்கலம்மா."

"குறைக்கல, சரி. எதையும் கூட்டினீங்களா?"

கூட்டினேன். ஒன்று கூட்டினேன். உள்ளே அது தானாகச் சொன்னது. செம்புக் குடம். போன வருடம் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது அந்தக் குடத்துத் தண்ணீர்தான். முதல் நாள் சாயங்காலம் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் கிருமி சாகும், ரத்தம் சுத்தமாகும், யார் சொன்னார்கள், எல்லோரும் சொன்னார்கள். தமயந்தி கிளம்பிய நாலாம் நாள் வடிகட்டிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போனவருக்கு அது வெறும் தண்ணீராகத் தெரிந்தது, சத்து இல்லாத தண்ணீர். நமக்கு மட்டும் நல்ல தண்ணீரா, அவளோட பவளத்துக்கு வேண்டாமா? அன்றிலிருந்து தினம் ஒன்றரை லிட்டரையும் குடத்தில் ஒரு நாள் வைத்து, மறுநாள் ஊற்றினார். புளியும் உப்பும் போட்டுக் குடத்தைப் பளபளவென்று தேய்த்தார். அவளுடைய தொட்டிக்குப் பன்னிரண்டு வருடத்தில் அவர் தன் மனசால் செய்த ஒரே காரியம் அதுதான். அவள் வந்ததும் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தார், உன் தாளில் இல்லாத ஒன்றும் செய்தேன் என்று. பணிமனையில் யாராவது சோதனைத் தாளில் இல்லாத எண்ணெயை ஒரு சொட்டு விட்டுவிட்டால் அவர் எப்படிக் கத்துவார்! நல்லதுன்னு நெனச்சேன் சார் என்பார்கள். உன் நெனப்புல ரயில் ஓடாதுய்யா என்பார். எண்ணெய் விட்டவன் முகம் ஒன்று ஞாபகம் வந்தது, பெயர் வரவில்லை. நான்தான். வெயில் இல்லை, கரண்டு இல்லை, கெட்ட நேரம் இல்லை. அவள் அங்கே இருந்து நல்லா இருக்கா என்று கேட்கக் கேட்க, இங்கே தினம் காலையில் நான்தான்.

"செம்புக் குடத்துல வச்சு ஊத்தினேன்மா," என்றார். "நல்லதுன்னு நெனச்சேன்."

கஸ்தூரி தோளில் இருந்த துண்டை எடுத்துக் கை துடைத்தாள். "அந்தத் தாமிரம் கல்லுல மணல்ல எல்லாம் ஏறியிருக்கும். தண்ணி மாத்தினாலும் கசிஞ்சிட்டே இருக்கும். இந்த நாலையும் இப்ப அதுல வச்சா ஒரு வாரம் தாங்கும், கூடிப்போனா பத்து நாளு. எடுத்துட்டுப் போறதா இல்லையான்னு நீங்களே பாத்துக்குங்க."

ஒரு வாரம். அவர் மனசு அதை லபக்கென்று பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் போதுமே. நாளைக்கு அவள் வருவாள், பார்ப்பாள், சிரிப்பாள். அப்புறம் ஒரு வாரம் கழித்துச் செத்தால் அது அவள் கையில் செத்தது. என் கையில் ஏழு வாரம் நன்றாக இருந்தது, உன் கையில் செத்தது. அவள் என்ன செய்வாள்? குனிந்து குனிந்து பார்ப்பாள். தண்ணீரைச் சோதிப்பாள், தீனியை மாற்றுவாள், காலையில் எழுந்து வேலைக்குப் போகுமுன் அரைமணி நேரம் அங்கேயே நிற்பாள். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியலைங்க என்று அவரிடமே வந்து கேட்பாள். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு ம்ம் என்பார். அந்த ம்ம்மை அவர் அப்போதே, கடை நடுவில் நின்றுகொண்டு, தன் காதால் கேட்டார். அருவருப்பாக இருந்தது. தன் மேலேயே அருவருப்பு, வாழ்க்கையில் முதல் தடவை இவ்வளவு கிட்டத்தில். கிண்ணங்கள் நான்கும் வரிசையாக இருந்தன. சுத்தியல் தன் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது, எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமல்.

"திரும்ப விட்டுரும்மா. நாலையும்."

"சரிண்ணே."

"வீட்ல மூளை மட்டும் ஓரத்துல கொஞ்சம் பச்சையா இருக்கு. அது..."

"இன்னிக்கே கொண்டாங்க. இங்க என் தொட்டில போட்டுப் பாப்போம். பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா உசுரு இருக்கிற வரைக்கும் வைக்கலாம்."

அவர் வெளியே வந்தார். வெயிலில் கண் கூசியது, சட்டை மறுபடி வெள்ளையாயிற்று. துபாயில் இப்போது காலை ஏழு, எழுந்திருப்பாள், பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாமே, தொலைபேசியில் எதற்கு, பயண நேரத்தில் மனசைக் கஷ்டப்படுத்துவானேன் என்று ஒரு நல்ல பிள்ளைக் குரல் உள்ளே ஆரம்பித்தது. அந்தக் குரலை அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும், கடைசியில் அது சிரித்துக்கொண்டே எதையாவது நீட்டச் சொல்லும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினார்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"தமயந்தி, உன் பவளம் செத்துப்போச்சு. நாலு. நான்தான் சாகடிச்சேன்." நிறுத்தினால் நின்றுவிடும் என்று பயந்து குடம், தண்ணீர், குப்பைத் துவாரம், ஜோரா இருக்கு என்று சொன்ன பொய், இந்தக் கடைக்கு எதற்கு வந்தேன், எதை வாங்கப் பார்த்தேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அந்தப் பக்கம் பெட்டியின் ஜிப் இழுக்கும் சத்தம் பாதியில் நின்றது.

"மூளை?" என்றாள்.

"ஓரத்துல பச்சை இருக்கு. ரெண்டு விரக்கடை."

"நேத்தும் ரெண்டு விரக்கடைதானா? இல்ல கொறஞ்சிட்டு வருதா?"

ஆமாம், நேற்றும் இரண்டுதான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். "தெரியலை," என்றார். "நேத்து நான் பாக்கலை. பாக்கப் பயமா இருந்துச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, வாய்விட்டே அழுதாள். அவருக்கு ஏதாவது சொல்லி நிறுத்திவிட வேண்டும் போல இருந்தது, வேற வாங்கிக்கலாம், நான் பாத்துக்கறேன், விடு, எத்தனையோ வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"போய்ப் பாருங்க," என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கையைச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு அடிக்கல்லைப் பிடிச்சுத் தூக்குங்க. சதையைத் தொடாதீங்க. போனை வைக்காதீங்க, வீடு போய்ச் சேர்ற வரைக்கும்."

"வைக்கல," என்றார். பஸ் வந்தது. அவர் கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் அழுவதைக் கடைசி வரைக்கும் கேட்டார்.